அத்தியாயம் 6: அசைவும் வெட்டும்

ஒரு பாலம், மூன்று இடங்கள்

1983ஆம் ஆண்டு விக்டோரியா அணைக்கட்டு வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கண்டிக்குக் கிழக்கே, அந்த அணைக்கட்டுக்கு அருகிலிருந்த பாறைப் பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு தொங்குபாலம் கட்டினார்கள். ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயக்கிய 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' படத்துக்கான பாலம் அது. அணைக்கட்டில் வேலைசெய்த பொறியியலாளர்களே அதற்கும் கைகொடுத்தார்கள். வெளியே கயிறு, உள்ளே உருக்குக் கம்பி.

படத்தில் கதாநாயகன் வாளை ஓங்கிக் கயிற்றை வெட்டுகிறான். பாலம் இரண்டாக அறுந்து பாறைச் சுவரில் போய் அறைகிறது. தொங்கிக்கொண்டிருப்பவர்கள் ஒருவரையொருவர் உதைத்துத் தள்ளுகிறார்கள். விழுந்தவர்களை ஆற்றில் முதலைகள் கவ்வுகின்றன. பாலம் அறுந்தது நம்முடைய பள்ளத்தாக்கில். சுவரில் தொங்கும் அண்மைக் காட்சிகளை எடுத்தது லண்டனுக்கு அருகே எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில். முதலைகள் புளோரிடாவில். கதைப்படி எல்லாம் நடப்பது இந்தியாவில்.

1984இல் படம் வெளிவந்தபோது பார்த்தவர்களுக்கு அது ஒரே பாலம், ஒரே ஆறு. ஒரு ஷொட்டில் மனிதன் கீழே பார்க்கிறான், அடுத்த ஷொட்டில் தண்ணீர் தெரிகிறது. அந்தத் தண்ணீர் அவனுக்குக் கீழேதான் ஓடுகிறது என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். மொஸ்கோவில் லெவ் குலெஷோவ் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப்பை வைத்தார், பிறகு ஒரு சவப்பெட்டியை வைத்தார். பார்த்தவர்கள் முதலாவதில் பசியையும் இரண்டாவதில் துக்கத்தையும் கண்டார்கள். முகம் மாறவேயில்லை.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே விஷயத்தைத்தான் பல பக்கங்களிலிருந்து சொல்லப்போகிறது. வெட்டுப்படாமல் அசையும் கமரா, 'இது இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, நானே பார்த்தேன்' என்று சாட்சி சொல்கிறது. வெட்டோ 'இதனால் அது' என்கிறது. அந்தப் பேச்சுக்குச் சாட்சி கிடையாது. பார்ப்பவர் நம்மீது வைக்கும் நம்பிக்கை மட்டுமே அதைத் தாங்குகிறது. அசைப்பதா வெட்டுவதா என்று முடிவெடுக்கும் ஒவ்வொரு தடவையும், எதைச் சாட்சியோடு சொல்கிறோம், எதை நம்பச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்தே முடிவெடுக்கிறோம்.

தொடங்குமுன் மூன்று ஏற்பாடுகள்

கையில் இருப்பது போனாக இருந்தாலும் சரி, வாடகைக்கு எடுத்த கமராவாக இருந்தாலும் சரி, முதலில் இவற்றைச் செய்யுங்கள்.

முதலாவது, செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் 50இல் ஒரு பங்கு என்று வையுங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். இதற்குப் பொருந்தாத அளவுகளில் எடுத்தால் கடைகளின் டியூப் லைட் வெளிச்சம் படத்தில் துடிக்கலாம். கண்டி மத்திய சந்தைக்குள் எடுத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது, வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். மலைநாட்டில் ஐந்து நிமிடத்துக்கொரு முறை முகில் வந்துபோகும். பூட்டாத போன், பான் செய்யும்போது, அதாவது கமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது, நடுவழியில் இருட்டி வெளிச்சமாகும். பார்ப்பவர் கண் அந்த மாற்றத்தின்மேல் போய்விடும், நீங்கள் காட்ட வந்ததை விட்டுவிடும்.

மூன்றாவது, எந்த அசைவுக்கு முன்னும் ஐந்து செக்கன், பின்னும் ஐந்து செக்கன் கமராவை அசையாமல் வைத்திருங்கள். படத்தொகுப்பு மேசையில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தப் பத்துச் செக்கன்தான். அசைவின் நடுவில் தொடங்கி நடுவில் முடியும் ஒரு துண்டை எதனோடும் ஒட்டமுடியாது.

அசையாமல் இருப்பதும் ஒரு தெரிவு

காலையில் கண்டிப் புகையிரத நிலையத்துக்குப் போங்கள். ட்ரைபொட்டில் கமராவை நிறுத்துங்கள். கோச்சி வரும், சனம் இறங்கும், நெரிசல் ஒரு பக்கமாக நகர்ந்து வெளியேறும். கடைசியில் ஒருவர் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இருப்பார். அவர் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தார். கூட்டம் கலைந்த பிறகுதான் நம் கண்ணில் படுகிறார். நீங்கள் கமராவை அசைத்து அவரைத் தேடிப் போயிருந்தால் 'இவரைப் பார்' என்று சொன்னதாகியிருக்கும். அசையாமல் காத்திருந்ததால் பார்ப்பவரே அவரைக் கண்டுபிடிக்கிறார். தானே கண்டுபிடித்ததைப் பார்ப்பவர் எளிதில் மறக்கமாட்டார்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் முதல் விதி இது: எடுக்கப்படுவது அசைந்தால், கமரா அசையவேண்டுமா என்று இரண்டு முறை கேளுங்கள்.

பான், டில்ட்

ஆதர்ஸ் சீட்டில் நின்றால் வாவி, தலதா மாளிகை, பஹிரவகந்தைப் புத்தர் சிலை, அதற்கப்பால் மலை எல்லாம் ஒரே வீச்சில் தெரியும். அங்கே வருகிற எல்லோரும் இடமிருந்து வலமாக ஒரு பான் எடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பான்களில் பெரும்பாலானவற்றுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஒரு பான் என்பது ஒரு வசனம். எழுவாய் எது, பயனிலை எது என்று முதலில் தீர்மானியுங்கள். சிலையில் தொடங்கி வாவியோரம் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் முடித்தால் ஒரு பொருள். கூட்டத்தில் தொடங்கிச் சிலையில் முடித்தால் இன்னொரு பொருள். காட்சி ஒன்றுதான், பார்ப்பவர் மனதில் தங்குவது கடைசியில் வந்து நின்ற இடம்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. காட்சியில் உள்ள ஒரு பொருள் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஏறத்தாழ ஏழு செக்கன் எடுக்கவேண்டும். அதைவிட வேகமாகத் திருப்பினால் உருவங்கள் குலுங்கும். உடம்பைக் கடைசியில் நிற்கவேண்டிய திசைக்கு முதலிலேயே திருப்பி நின்று, இடுப்பை மட்டும் முறுக்கித் தொடக்கத்துக்கு வாருங்கள். பிறகு முறுக்கு அவிழ்வதுபோல் பான் செய்யுங்கள். முடிவு நடுங்காது.

பானுக்கு ஒரு காரணம் வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1934இல் பசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்'. சிவனொளிபாத மலையில் மணி ஒலிக்கிறது. ஒரு பறவை எழுந்து பறக்கிறது. கமரா அதைத் தொடர்ந்து திரும்ப, மணியோசையும் மலைகளுக்கு மேலே பரவிக்கொண்டு போகிறது. பறவை இல்லாமல் அந்த மலைகளை மட்டும் பான் செய்திருந்தால் அது ஒரு தபாலட்டை. பறவை பறந்ததால் நம் கண்ணுக்குப் போக ஒரு வழி கிடைக்கிறது.

கமராவை மேலும் கீழும் சாய்க்கும் டில்ட்டும் அப்படித்தான். பேராதனைப் பூங்காவில் அந்த உயர்ந்த பனைவரிசைக்கு அடியில் நின்று மேல்நோக்கி டில்ட் செய்தால் வானத்தில் முடியும், மரம் பெரிதாகும். உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கி, சருகு கூட்டும் தொழிலாளியிடம் முடித்துப் பாருங்கள். அதே மரம் இப்போது அவரது வேலையின் அளவைச் சொல்கிறது.

கூட நடப்பது

தேயிலை மலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் கொழுந்துக் கூடையோடு ஓர் அக்கா நடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கமராவோடு மூன்று விதமாக நடக்கலாம்.

பின்னால் நடந்தால், அவர் போகுமிடத்துக்கு நாமும் போகிறோம். ஆனால் முதுகில் கூடை இருக்கிறது. திரையை நிறைப்பது கூடைதான், ஆள் அதற்குள் மறைந்துவிடுகிறார். சுமையைச் சொல்ல இது நல்ல வழி. ஆளைச் சொல்ல உதவாது. முன்னால், பின்னோக்கி நடந்தால் முகம் தெரியும், ஏறும் மூச்சுத் தெரியும், ஆனால் எங்கே போகிறார் என்பது தெரியாது. அவரோடு நாம் பேசுவதுபோன்ற நெருக்கம் வரும். பக்கவாட்டில், நான்கு நிரை தள்ளித் தேயிலைச் செடிகளுக்கு ஊடாக நடந்தால், செடிகள் குறுக்கே ஓட ஓட அவர் தெரிவார், மறைவார். நாம் தள்ளி நின்று பார்க்கிற ஆட்களாகிவிடுவோம்.

மூன்றையும் எடுத்துவிட்டு மேசையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணவேண்டாம். மலையில் அவர் உங்களுக்காக மூன்று முறை ஏறி இறங்கமாட்டார், ஏறச் சொல்லவும் கூடாது. நேரம் போனால் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் சம்பளம் குறையும். எந்தப் பக்கம் நிற்பது என்பதை முதல்நாள் இரவே தீர்மானித்துக்கொண்டு போங்கள்.

நடக்கும்போது முழங்காலைச் சற்று மடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, குதிகாலிலிருந்து விரல்வரை பாதத்தை உருட்டி வையுங்கள். கொஞ்சம் குலுங்கினாலும் பரவாயில்லை. குலுக்கம் 'இங்கே ஒரு மனிதர் கமராவோடு நிற்கிறார்' என்று சொல்லும். அது உண்மையும்கூட.

சூமை நடைக்கு மாற்றாக நினைக்காதீர்கள். சூம் உருவத்தைப் பெரிதாக்கும், உங்களை அருகில் கொண்டுபோகாது. கிட்டப் போய் எடுத்த முகத்தில் பின்புலம் விலகி ஆள் முன்னே வருவார். தூரத்திலிருந்து சூம் செய்த முகத்தில் மலையும் முகமும் ஒன்றாக நசுங்கியிருக்கும். கிட்டப் போனால் அவர் உங்களை அனுமதித்தார் என்பது தெரியும். தூரத்து சூமில் ஒளித்துப் பார்த்த உணர்வு தங்கும்.

கோச்சியில் போகும்போது இன்னொரு பாடம் கிடைக்கும். கடுகண்ணாவை ஏற்றத்தில் கமராவை ஜன்னல் ஓரத்தில் அசையாமல் வையுங்கள். கிட்ட இருக்கும் கரை பறக்கும், தூரத்து மலை மெல்ல நகரும். ஒரே பார்வையில் இரண்டு வேகம். ஊரைவிட்டுப் போகும் ஒருவரின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான அசைவை எந்தக் கருவியும் தராது.

ட்ரோனைப் பற்றி ஒரு வார்த்தை. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைத் தெரிந்துகொண்டு, உரிய அனுமதியோடு மட்டும் பறக்கவிடுங்கள். அனுமதி கிடைத்தாலும், அந்த உயரத்திலிருந்து பார்ப்பது யார் என்று கேட்டுப் பாருங்கள். கதையில் அப்படிப் பார்க்க யாருமில்லை என்றால் அந்த ஷொட் தேவையில்லை.

வாவிக்கரைக் கோடு

இரண்டு நண்பர்கள் கண்டி வாவிக்கரையில் பேசிக்கொண்டு நடக்கிறார்கள். நீங்கள் தெருப்பக்கம் நின்று எடுக்கிறீர்கள். அவர்களுக்குப் பின்னால் தண்ணீர், அவர்கள் திரையில் இடமிருந்து வலமாகப் போகிறார்கள். அடுத்த ஷொட்டை வாவிச் சுவர்ப் பக்கம் போய் எடுத்தால் அவர்கள் வலமிருந்து இடமாகப் போவார்கள். இரண்டையும் ஒட்டினால் நடந்தவர்கள் திடீரென்று திரும்பி வீட்டுக்குப் போவதுபோல் இருக்கும்.

நடக்கும் திசையில் ஒரு கோடு போட்டுக்கொண்டு அதன் ஒரே பக்கத்தில் நில்லுங்கள். பாடப்புத்தகங்கள் இதை 180 பாகை விதி என்று சொல்லும். நான் மாணவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வது: வாவி எப்போதும் அவர்களுக்குப் பின்னால் இருக்கட்டும். கோட்டைத் தாண்டியே ஆகவேண்டும் என்றால், கமரா அசைந்துகொண்டே தாண்டட்டும், அல்லது அவர்கள் வளைவில் திரும்புவதைக் காட்டுங்கள். பார்ப்பவர் கண்முன்னே தாண்டினால் குழப்பம் வராது.

எப்போது வெட்டுவது

எடிட்டிங் மேசையில் எல்லோரும் 'கட்' என்றுதான் சொல்கிறோம். கட் போடுமுன் காரணத்தை ஒரு வரியில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். நல்ல காரணங்கள் சிலவே.

பார்வை: ஒருவர் எதையோ பார்க்கிறார், அதைக் காட்ட வெட்டுகிறோம். செயல்: கை கதவைத் தள்ளத் தொடங்கும்போது வெட்டி, மறுபக்கத்தில் கதவு திறப்பதில் சேர்கிறோம். அசைவின் நடுவில் விழும் வெட்டு கண்ணுக்குத் தெரியாது. தகவல்: இதுவரை மறைத்த ஒன்றை இப்போது சொல்கிறோம். தாளம்: ஒரு வேலை திரும்பத் திரும்ப நடக்கிறது, அதன் அடியோடு வெட்டுகிறோம். இந்த நான்கிலும் சேராத, 'கொஞ்சம் போரடித்தது' என்பதற்காக மட்டும் போட்ட வெட்டை எடுத்துவிட்டு, அந்த ஷொட்டையே மறுபடி பாருங்கள். குறை பெரும்பாலும் ஷொட்டில் இருக்கும்.

ஒரே ஆளை அடுத்தடுத்து இரண்டு ஷொட்டில் காட்டினால் கமராவைக் குறைந்தது 30 பாகையாவது நகர்த்தி எடுங்கள், அளவையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் படம் இடறியதுபோல் துள்ளும்.

நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலவுக்குப் போனால், களனி கங்கைக் கரையில் ஒரு பாலத்தின் அடித்தளத்தை இன்றும் காட்டுவார்கள். டேவிட் லீனின் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' (1957) படத்துக்காகக் கட்டி, நிஜ ரயிலை ஓடவிட்டு வெடிவைத்துத் தகர்த்த பாலம் அது. லீன் படத்தொகுப்பாளராக இருந்து இயக்குநரானவர். வெடிக்குமுன் வரும் காட்சித் தொடரை இந்த அத்தியாயத்தோடு சேர்த்துப் பாருங்கள். இரவோடு இரவாக ஆற்றுத் தண்ணீர் இறங்கிவிட்டது. வெடிகம்பி மணலில் தெரிகிறது. பாலத்தைத் தன் பெருமையாகக் கருதும் கர்னல் அதைப் பார்த்துவிடுகிறார். கம்பியின் மறுமுனையில் ஒளிந்திருப்பவன், எதிர்க்கரையில் காத்திருப்பவன், தூரத்தில் வரும் ரயில் என்று வெட்டு மாறி மாறி ஓடுகிறது. எங்கும் நமக்குக் குழப்பம் இல்லை. காரணம், யார் எந்தக் கரையில் இருக்கிறார், பாலம் எங்கே, பாறை எங்கே என்று லீன் முன்னதாகவே முழு இடத்தையும் நிதானமாகக் காட்டிவிட்டார். முதலில் முழு இடத்தையும் காட்டுங்கள். பிறகு எவ்வளவு துண்டாக்கினாலும் பார்ப்பவர் மனதில் அது ஒட்டியே இருக்கும்.

எப்போது வெட்டாமல் விடுவது

லீனின் அந்தப் படப்பிடிப்பை வேடிக்கை பார்த்தவர்களில் மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவனும் இருந்தான். சுற்றுலா வந்த இடத்தில், ஒரு மனிதர் 'மழை' என்று குரல் கொடுத்ததும் மழை பொழிந்ததைப் பார்த்து மலைத்துப் போனதாகப் பிற்காலத்தில் அவரே சொன்னார். அவர் பாலு மகேந்திரா. ஒளிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு மூன்றையும் தன் கையிலேயே வைத்துக்கொண்ட கலைஞர்.

அவருடைய 'வீடு' (1988) படத்தில், கட்டி முடியாத வீட்டைப் பார்க்க வயதான தாத்தா தனியே வருகிறார். சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். அவருடைய மெதுவான நடைக்கு ஈடாகவே படமும் நடக்கிறது. பொறுமையிழந்து அதை வெட்டிச் சுருக்கியிருந்தால் 'தாத்தா வீட்டைப் பார்த்தார்' என்ற தகவல் மட்டும் கிடைத்திருக்கும். அவர் எடுத்துக்கொண்ட நேரத்தை நமக்கும் கொடுத்ததால், அந்தச் சுவர் அவருக்கு என்ன என்பது நமக்குள் இறங்குகிறது. ஒரு ஷொட் எவ்வளவு நேரம் ஓடவேண்டும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: அதில் இருப்பவர் தன் வேலையை முடிக்கும்வரை.

காதால் வெட்டுவது

படத்தையும் ஒலியையும் ஒரே இடத்தில் வெட்டவேண்டும் என்பது கட்டாயமில்லை. அடுத்த காட்சியின் ஒலி முன்னதாகவே கேட்கலாம். முந்தைய காட்சியின் ஒலி பின்னாலும் நீளலாம்.

'சோங் ஒஃப் சிலோன்' படத்தை மறுபடி எடுத்துக்கொள்வோம். தேயிலையை விளம்பரப்படுத்தும் சபையின் பணத்தில் எடுத்த படம் அது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை லயனல் வென்ட் வாசிக்கிறார். படத்தின் மூன்றாம் பகுதியில் நாம் பார்ப்பது யானையும் தேயிலைத் தோட்டமும் உழைப்பும். கேட்பதோ வியாபாரக் கடிதங்களும் சந்தை விலைகளும். ஒலியில் வரும் ஆட்களைத் திரையில் எங்குமே காட்டவில்லை. ஆனாலும் அந்தக் கை பறிக்கும் கொழுந்துக்கும் அந்தக் குரல் சொல்லும் விலைக்கும் உள்ள உறவு புரிந்துவிடுகிறது. தேயிலை விற்பதற்காக எடுத்த படத்திலேயே தேயிலையைப் பற்றிய ஒரு கேள்வி நுழைந்துவிட்டது, ஒலியைச் சேர்த்த விதத்தால்.

பெரஹரா சொல்லித்தரும் வரிசை

தலதா மாளிகையின் எசல பெரஹரா ஊர்வலத்தை எடுக்க விரும்பாத மாணவர் கண்டியில் இல்லை. கும்பல் பெரஹரா நடக்கும் முதல் ஐந்து இரவுகளில் எடுத்துப் பழகுங்கள். அதன்பின் வரும் ரந்தோலி இரவுகளில் காலை அசைக்கவும் இடமிருக்காது. ஊர்வலம்தான் அசைகிறது, ஆகவே கமரா நிற்கட்டும். ஃபிளாஷ் கூடவே கூடாது, யானை மிரளும். கொப்பரைப் பந்தத்தின் வெளிச்சம் போதும்.

தொகுக்கும்போது வரிசையைக் குலைக்காதீர்கள். முன்னே கசையடிப்போர், பின்னால் கொடி, மேளம், ஆட்டம், பேழை சுமந்த மாளிகை யானை. அதன்பின் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள். இந்த வரிசை ஒவ்வொன்றுக்கும் உரிய மரியாதையைச் சொல்கிறது. அழகாக இருக்கிறது என்பதற்காகப் பத்தினி தேவாலய நடனத்தை மாளிகை யானைக்கு முன்னால் வைத்தால், கண்டியில் பிறந்த பிள்ளையே பிழை சொல்லும். நேரத்தைச் சுருக்கலாம், வரிசையை மாற்றக்கூடாது. சுருக்குவதற்குக் கசையடியின் ஓசை கைகொடுக்கும். ஓர் அடியில் தெருவிலிருந்து வெட்டி, பார்த்திருக்கும் ஒரு குழந்தையின் முகத்தில் விழுங்கள். அங்கிருந்து மறுபடி தெருவுக்கு வரும்போது பத்து நிமிடம் கடந்திருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

மடுவத்தில் நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் கண்டிக்கு மேலே ஒரு தோட்டத்தில், மூன்று இளைஞர்களோடு சேர்ந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்தைப் பற்றி எட்டு நிமிடப் படம் ஒன்று செய்தேன். பின்னேர நிறுவைதான் படத்தின் மையம். பெண்கள் இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் வரிசையில் நின்றார்கள். தொங்கு தராசின் முள் 9இல் நின்றது, கொப்பியில் 7 விழுந்தது. ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று இரண்டு கிலோ கழிந்துவிட்டது. நாளுக்குரிய அளவு வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்.

என்னிடம் ஐந்து ஷொட்டுகள் இருந்தன: கூடை, முள், அக்காவின் முகம், கொப்பி, அதில் எழுதும் கணக்கப்பிள்ளையின் முகம். முள்ளுக்கும் கொப்பிக்கும் பிறகு, கணக்கப்பிள்ளை சிரிக்கும் ஒரு ஷொட்டை வைத்தேன். காட்சி தீயாக இருந்தது. பார்த்த நண்பர்கள் எல்லோரும் அந்த இடத்தில் கொதித்தார்கள்.

தோட்டத்தில் ஒரு வீட்டுச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் போட்டுக் காட்டினோம். முடிந்ததும் வரிசையில் நின்ற அக்கா ஒருவர் சொன்னார்:

"தம்பி, அந்த ஐயா அப்ப சிரிக்கலையே. டீத்தண்ணி குடிக்கிறப்பல்ல சிரிச்சாரு. எங்ககூடத்தான் சிரிச்சாரு. கழிக்கிறது நெசந்தான். நெசத்தக் காட்டுங்க. அது போதாதா?"

அவர் சொன்னது சரி. சிரிப்பு அரை மணி நேரம் முந்தியது. இரண்டு உண்மையான ஷொட்டுகளை ஒட்டி நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அதைவிட முக்கியமானது, அந்தப் பொய்யால் என் படத்தின் உண்மையே பலவீனப்பட்டிருந்தது. கழிவு என்பது ஓர் ஏற்பாடு, நாள்தோறும் நடப்பது. நானோ அதை ஒரு கெட்ட மனிதனின் சிரிப்பாகச் சுருக்கிவிட்டேன். சிரிக்காத கணக்கப்பிள்ளை வந்துவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்று என் படம் சொன்னது.

மறுவாரம் திரும்பிப் போனோம். இம்முறை ஒரே ஷொட். முள் ஆடி 9இல் நிற்கும்வரை காத்திருந்தோம். பிறகு வெட்டாமல் பான் செய்து, கையைத் தாண்டி, கொப்பியில் பேனை 7 எழுதுவதில் நின்றோம். மொத்தம் 14 செக்கன். யார் முகமும் இல்லை. முள்ளுக்கும் கொப்பிக்கும் நடுவில் ஒரு வெட்டு விழுந்திருந்தால், 'அது வேறு கூடையின் கணக்கு' என்று எவரும் சொல்லலாம். பான் செய்ததால் அப்படிச் சொல்ல வழியில்லை. சாட்சி தேவைப்படும் இடத்தில் கமரா அசையவேண்டும் என்று இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் எழுதியதை நான் கற்றுக்கொண்டது அந்த மடுவத்தில்தான்.

பயிற்சிகள்

1. கண்டி மத்திய சந்தையில் அறிமுகமான ஒரு வியாபாரியின் முகத்தை, அவர் அனுமதியோடு, பத்துச் செக்கன் எடுங்கள். சிரிக்கச் சொல்லவேண்டாம். பிறகு வெறுமையான கல்லாப்பெட்டி, பழம் கேட்கும் குழந்தை, கொட்டும் மழை மூன்றையும் தனித்தனியே எடுங்கள். முகத்தை ஒவ்வொன்றோடும் சேர்த்து மூன்று பேரிடம் காட்டி, அந்த வியாபாரி என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். பதில்களை எழுதி வையுங்கள்.

2. வாவிக்கரையில் இருவர் நடப்பதை ஆறு ஷொட்டுகளில், கோட்டைத் தாண்டாமல் எடுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒருமுறை தாண்டி எடுத்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

3. உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கும்வரை ஒரே ஷொட்டில் எடுங்கள். ரொட்டி சுடுவதாக இருக்கலாம், பூக்கட்டுவதாக இருக்கலாம். பிறகு அதையே எட்டுத் துண்டுகளாக்கி 20 செக்கனில் தொகுங்கள். எதில் வேலை தெரிகிறது, எதில் ஆள் தெரிகிறார் என்று ஒரு பந்தி எழுதுங்கள்.

4. தொகுத்து முடித்த எந்தப் படத்தையும் ஒருமுறை ஒலியை அடைத்துப் பாருங்கள், ஒருமுறை கண்ணை மூடிக் கேளுங்கள். எங்கே பொருள் அறுந்துபோகிறதோ அங்கே ஒரு வெட்டு காரணமில்லாமல் இருக்கிறது.

5. படத்தில் நேரம் மாற்றி வைத்த ஒவ்வொரு ஷொட்டுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள்: எப்போது எடுத்தது, படத்தில் எப்போது நடப்பதாக வருகிறது. அந்தப் பட்டியலைப் படத்தில் இருப்பவரிடம் உரக்க வாசித்துக் காட்ட முடியுமா என்று யோசியுங்கள். முடியாதென்று தோன்றும் ஷொட்டைத் தூக்கிவிடுங்கள். பிறகு படத்தை முதலில் அவரிடம் போட்டுக் காட்டுங்கள். மற்றவர்கள் எல்லோரும் அவருக்குப் பிறகு பார்க்கட்டும்.